விழுந்ததா, வீழ்த்தப்பட்டதா? ஃப்ரெண்ட்லி ஃபயர் மரணங்களும் ராணுவம் சொல்லும் முதல் செய்தியும்

2019 பிப்ரவரி 27 என்றால் நம்மில் பலருக்கு விமானப்படை விமானி அபிநந்தனின் மீசைதான் ஞாபகம் வரும். பாகிஸ்தான் பிடியில் அவர் நிதானமாகப் பதில் சொன்ன அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. அதே நாள் காலையில், வானத்தில் இந்திய, பாகிஸ்தான் போர் விமானங்களின் மோதல் நடந்துகொண்டிருந்தபோதே, ஸ்ரீநகரிலிருந்து கிளம்பிய ஓர் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் காஷ்மீரின் பட்காமில் விழுந்தது. அதில் இருந்த விமானப்படையினர் 6 பேரும், தரையில் இருந்த பொதுமக்களில் ஒருவரும் இறந்தார்கள். ‘ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது’ என்று செய்தி வந்தது. ஏப்ரல், மே மாதங்களில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்து முடிந்தது. அக்டோபர் 4-ஆம் தேதி, புதிதாகப் பொறுப்பேற்றிருந்த விமானப்படைத் தளபதி ஆர்.கே.எஸ். பதௌரியா செய்தியாளர்களிடம் சொன்னார்: அந்த ஹெலிகாப்டரைத் தாக்கியது நம்முடைய ஏவுகணைதான், அது பெரிய தவறு.

இப்படி ஒரு செய்தி வந்ததும் பேச்சு இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும். ‘சொந்த ஆளையே சுடுவானா? இதில் ஏதோ சதி இருக்கு’ என்பது ஒரு கட்சி. ‘போர்னா இதெல்லாம் சகஜம், இதைக் கிளறுறது தேசத் துரோகம்’ என்பது மறு கட்சி. இரண்டு பேருமே சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தவறு எப்படி நடந்தது என்பது ஒன்று. நடந்ததை எப்போது, எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அனுதாபத்துக்குரியது. இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல முடியாது.

எது ஃப்ரெண்ட்லி ஃபயர், எது இல்லை

எதிரியைத் தாக்குகிறோம் என்று நம்பி, தன் படையையோ கூட்டாளிப் படையையோ தாக்கிவிடுவதுதான் ஃப்ரெண்ட்லி ஃபயர். நேட்டோ நாடுகளில் ‘ப்ளூ ஆன் ப்ளூ’ என்றும் சொல்வார்கள். ராணுவ வரைபடத்தில் தன் படைக்கு நீலம், எதிரிக்குச் சிவப்பு. நீலம் நீலத்தையே அடித்துவிட்டது என்று பொருள்.

துப்பாக்கியைத் துடைக்கும்போது கைதவறி வெடித்தால் அது விபத்து. முகாமுக்குள் ஒருவர் கோபத்தில் சக வீரரைச் சுட்டால் அது கொலை. எதிரி என்று நினைத்துப் பொதுமக்களைச் சுட்டால் அதற்குத் தனிச் சட்டமும் தனி விவாதமும் உண்டு. நம் செய்திகளில் இவை எல்லாமே ‘தவறுதலாக நடந்த துப்பாக்கிச்சூடு’ என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடுகின்றன. ஃப்ரெண்ட்லி ஃபயரில் சுட்டவர் வேண்டுமென்றேதான் சுடுகிறார். சுடப்பட்ட ஆள் யார் என்பதில்தான் தவறு.

மின்கம்பத்தில் ஏறியவரும் சுவிட்சைப் போட்டவரும்

இதைப் புரிந்துகொள்ள மின்வாரியத்தைப் பார்த்தாலே போதும். கம்பத்தில் ஏறுவதற்கு முன் லைன்மேன் ‘எல்.சி.’ வாங்குவார். லைன் கிளியர், அதாவது இந்த ஃபீடரில் (மின்பாதையில்) மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறது, நான் திரும்பச் சொல்லும்வரை போடமாட்டார்கள் என்ற உத்தரவாதம். சப்-ஸ்டேஷனில் சுவிட்சின் மேல் ‘ஆள் வேலை செய்கிறார், போடாதே’ என்று பலகை மாட்டுவார்கள். வேலை முடிந்ததும் எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தால்தான் சுவிட்ச் ஏறும்.

இவ்வளவு இருந்தும் ஆள் சாகிறார். எப்படி? ஏறிய கம்பம் ஒரு ஃபீடரில் இருக்கும், எல்.சி. வாங்கியது பக்கத்து ஃபீடருக்காக இருக்கும். அல்லது ஒரே லைனில் இரண்டு குழு வேலை செய்யும். ஒரு குழு முடித்துவிட்டு எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்கும், இன்னொரு குழு கம்பத்திலேயே இருப்பது சப்-ஸ்டேஷனில் இருப்பவருக்குத் தெரியாது. அல்லது பலகையை மாட்ட மறந்திருப்பார்கள். சுவிட்சைப் போட்டவருக்கு அந்த லைன்மேன் மேல் எந்தப் பகையும் கிடையாது. அவர் கையில் இருந்த தகவலின்படி லைன் காலி.

போர்க்களத்திலும் ஓட்டைகள் இவைதான். மின்சாரத்துக்குப் பதில் குண்டு. சரிபார்க்க மின்வாரியத்துக்கு அரை மணி நேரம் கிடைக்கும். போர்க்களத்தில் நொடிகளே கிடைக்கும்.

பலகை இல்லாத சுவிட்ச்: ஐ.எஃப்.எஃப்.

ஆகாயத்தில் அந்தப் பலகையின் வேலையைச் செய்வது ஐ.எஃப்.எஃப். என்ற கருவி, அதாவது ‘நண்பனா, எதிரியா’ என்று அடையாளம் கேட்பது. தரையிலிருந்தோ இன்னொரு விமானத்திலிருந்தோ ரேடியோ அலையில் ரகசியக் குறியீடாக ஒரு கேள்வி போகும். நம் விமானமாக இருந்தால் அதிலுள்ள கருவி தானாகவே சரியான பதில் குறியீட்டை அனுப்பும்.

பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். இந்தக் கருவிக்கு நண்பனை மட்டும்தான் அடையாளம் காட்டத் தெரியும். எதிரியைக் காட்டத் தெரியாது. நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது, ‘யாரு?’ என்கிறோம். ‘நான்தாம்மா’ என்று குரல் வந்தால் நம் ஆள். குரலே வரவில்லை என்றால் திருடனாகவும் இருக்கலாம், காது கேட்காத தாத்தாவாகவும் இருக்கலாம். பதில் வராததை ‘எதிரி’ என்று எடுத்துக்கொண்ட கணத்தில் தாத்தா செத்தார்.

1994 ஏப்ரல் 14 அன்று வடக்கு ஈராக்கில் நடந்தது அதுதான். அமெரிக்க எஃப்-15 விமானங்கள் இரண்டு, அமெரிக்காவின் சொந்த பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதிக்கு என்று ஒதுக்கிய குறியீடு ஹெலிகாப்டர்களிடம் இல்லை, வேறு குறியீட்டில் பறந்தன. எஃப்-15 விமானிகள் அருகில் போய்க் கண்ணாலும் பார்த்தார்கள். பார்த்து, ரஷ்யத் தயாரிப்பான ஹைண்ட் ஹெலிகாப்டர்கள் என்று முடிவு செய்தார்கள். மேலே கண்காணிப்பு விமானம் ஒன்று பறந்துகொண்டுதான் இருந்தது. ஹெலிகாப்டர்கள் அங்கே போவது அதில் இருந்தவர்களுக்குத் தெரியும். யாரும் நிறுத்தவில்லை.

பட்காமிலும் ஹெலிகாப்டரின் ஐ.எஃப்.எஃப். அணைக்கப்பட்டிருந்ததாக விசாரணையை ஒட்டிச் செய்திகள் வந்தன. சில நிமிடங்களுக்கு முன்புதான் எல்லையில் விமான மோதல் நடந்திருந்தது. எதிரியின் ஆயுதம் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று காத்திருந்தவர்களின் திரையில், பதில் சொல்லாத ஒரு புள்ளி.

பேட்டரி மாற்றியதில் வந்த வினை

தவறான ஃபீடருக்கு எல்.சி. வாங்கிய கதைக்குச் சமமான ஒன்று 2001 டிசம்பர் 5 அன்று ஆப்கானிஸ்தானில், காந்தகாருக்கு வடக்கே நடந்தது. அமெரிக்கச் சிறப்புப் படையின் சிறு குழு ஒன்று, தாலிபானை எதிர்த்த ஆப்கான் தலைவர் ஹமீத் கர்சாயின் ஆதரவாளர்களோடு இருந்தது. விமானக் குண்டுவீச்சுக்கு இலக்கு சொல்லும் வீரர் கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் எதிரியின் இருப்பிடத்தைக் கணக்கிட்டு வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் பேட்டரி தீர்ந்தது. புதிய பேட்டரி போட்டார். கருவி மறுபடி உயிர்பெற்றபோது திரையில் எண்கள் இருந்தன. அவர் அதைப் படித்து விமானத்துக்குச் சொன்னார்.

பேட்டரி மாற்றினால் அந்தக் கருவி கடைசியாகக் கணக்கிட்ட இலக்கைக் காட்டாது. தான் இருக்கும் இடத்தைக் காட்டும். அது அவருக்குத் தெரியாது. ஆகவே சுமார் 900 கிலோ எடையுள்ள குண்டு சொன்ன இடத்தில் துல்லியமாக விழுந்தது, அவர்கள் நின்ற இடத்திலேயே. அமெரிக்க வீரர்கள் 3 பேரும் அவர்களோடு இருந்த ஆப்கானியர்கள் பலரும் இறந்தார்கள். கர்சாய்க்கு லேசான காயம். அன்றைக்குத்தான் ஜெர்மனியின் பான் நகரில் அவரை இடைக்கால அரசின் தலைவராக அறிவித்திருந்தார்கள்.

குண்டு, விமானம், விமானி மூன்றும் சரியாகவே வேலை செய்தன. ஆயுதம் எவ்வளவு துல்லியமாகிறதோ, தவறான தகவலும் அவ்வளவு துல்லியமாகப் போய்ச் சேரும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: யார் எங்கே இருக்கிறார்கள் என்ற தகவல் கைமாறும் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபடுகிறது, சரிபார்க்க நேரமில்லை, பயம் இருக்கிறது. சதி எதுவும் தேவையில்லாமலே ஆள் சாக இது போதும்.

‘24 சதவீதம்’ என்ற எண்ணை எப்படிப் படிப்பது

1991 வளைகுடாப் போரில் சண்டையில் இறந்த அமெரிக்கர்கள் 148 பேர். அதில் 35 பேர் சொந்தப் படையின் தாக்குதலில் இறந்தவர்கள், ஏறத்தாழ 24 சதவீதம். ‘நாலில் ஒருவரைத் தானே கொன்ற படை’ என்று இதைக் கிண்டலடிப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த 35 அப்படியே இருக்கட்டும். எதிரி வலுவாக இருந்து 1,000 பேரைக் கொன்றிருந்தால், மொத்தம் 1,035-இல் 35 என்பது 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். எதிரியின் அடி குறையக் குறைய இந்தச் சதவீதம் தானாக ஏறும். பழைய போர்களில் இது குறைவாகத் தெரிவதற்கு இன்னொரு காரணம், அப்போது யாரும் ஒழுங்காக எண்ணவில்லை.

1991-இல் எண்ண முடிந்ததற்குக் காரணம் ஓர் உலோகம். அமெரிக்க டாங்கிக் குண்டுகளில் யுரேனியக் கழிவு உலோகம் இருந்தது. ஈராக்கிடம் அது இல்லை. அடிபட்ட அமெரிக்க டாங்கியின் ஓட்டையில் அதன் தடயம் இருந்தால் சுட்டது யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. ஆனாலும் முழுக் கணக்கு போர் முடிந்து மாதங்கள் கழித்து, ஆகஸ்டில்தான் வெளியானது. அதுவரை சில குடும்பங்கள் வேறு கதையை நம்பிக்கொண்டிருந்தன.

இதிலிருந்து ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளலாம். யார் சுட்டது என்பது களத்தில் பெரும்பாலும் சீக்கிரமே தெரிந்துவிடும். குண்டின் விட்டம், ஏவுகணைத் துண்டு, ராடார் பதிவு, வந்த திசை, கூட இருந்தவரின் கண். உறுதிப்படுத்தத்தான் மாதக்கணக்கு ஆகும். சந்தேகம் வர ஒரு நாள்கூட ஆகாது.

35 நாட்கள்: பேட் டில்மன்

பேட் டில்மன் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆட்டத்தின் நட்சத்திரம். 36 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு 2002-இல் தம்பி கெவினோடு ராணுவத்தில் சேர்ந்தவர். இருவரும் ஒரே ரேஞ்சர் பிளாட்டூனில் இருந்தார்கள். பிளாட்டூன் என்பது சில பத்துப் பேர் கொண்ட படைப்பிரிவு.

2004 ஏப்ரல் 22, ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் மாகாணம். ஒரு வண்டி ரிப்பேர். இருட்டுவதற்குள் குறிப்பிட்ட கிராமத்தை அடைந்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பிளாட்டூனை இரண்டாகப் பிரிக்க அதன் தலைவருக்கு மனமில்லை, ஆனாலும் பிரிக்க வேண்டியதாயிற்று. முதல் குழு முன்னால் போனது, அதில் பேட். இரண்டாம் குழு, உள்ளூர் லாரி ஒன்று இழுத்துவந்த பழுதான வண்டியோடு வேறு பாதையில் போவதாக ஏற்பாடு; அதில் கெவின். பாதை சரியில்லை என்று இரண்டாம் குழு திரும்பி, முதல் குழு போன அதே குறுகிய மலை இடுக்குக்குள் நுழைந்தது. முதல் குழுவுக்கு இது தெரியாது. மலை மறைத்ததால் ரேடியோ எடுக்கவில்லை. ஒரே லைனில் இரண்டு குழு என்று மேலே சொன்னோமே, அதேதான்.

இடுக்கில் இரண்டாம் குழுவின் மேல் தாக்குதல் நடந்தது. சத்தம் கேட்டு பேட், இன்னொரு இளம் வீரர், கூட்டாளிப் படையைச் சேர்ந்த ஓர் ஆப்கானியர் மூவரும் உதவிக்கு ஒரு மேட்டில் ஏறினார்கள். அந்தி வெளிச்சம். இடுக்கிலிருந்து சுட்டுக்கொண்டே வெளியே வந்த வண்டியில் இருந்தவர்களின் கண்ணில் பட்டது, தாடி வைத்து ஏகே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருந்த அந்த ஆப்கானியர். அவரைச் சுட்டார்கள். ஒருவர் சுட்ட திசையில் மற்றவர்களும் சுட்டார்கள். பேட் புகைக் குண்டு வீசி ‘நாங்கள் உங்கள் ஆட்கள்’ என்று காட்டினார். சூடு நின்றது. முடிந்தது என்று எழுந்தார்கள். மறுபடி சூடு. பேட் இறந்தார்.

இதுவரை நடந்தது தவறு. அடுத்த நாளிலிருந்து நடந்ததற்குத் தவறு என்ற பெயர் போதாது. மறுநாளே விசாரணை தொடங்கிவிட்டது. சந்தேகம் என்னவென்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். பேட்டின் சீருடையையும் குண்டு துளைக்காத கவசத்தையும் எரித்தார்கள். சொந்தப் படையின் சூடு என்று சந்தேகம் வந்தாலே குடும்பத்துக்கு அதைச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்க ராணுவ விதி. ஒரே பிளாட்டூனில் இருந்த தம்பிக்குக்கூடச் சொல்லவில்லை. எதிரியின் முன் காட்டிய வீரத்துக்கான சில்வர் ஸ்டார் பதக்கத்துக்கு எழுதினார்கள். அந்தக் காகிதத்தில் யார் சுட்டார்கள் என்பது இல்லை. ஏப்ரல் 29-ஆம் தேதி, பின்னாளில் புகழ்பெற்ற ஜெனரல் ஸ்டான்லி மெக்கிரிஸ்டல் மேலதிகாரிகளுக்கு அவசரக் குறிப்பு அனுப்பினார்: சொந்தப் படையின் சூடாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு, நாட்டின் தலைவர்கள் உரையில் எதையாவது சொல்லிவிட்டுப் பின்னால் சங்கடப்பட வேண்டாம். தலைவர்களின் சங்கடத்தைப் பற்றி யோசித்த அந்தக் காகிதம் போனபோது, தாய்க்குச் செய்தி போகவில்லை. மே 3-ஆம் தேதி நினைவுக் கூட்டம் நாடு முழுக்க டி.வி.யில் ஒளிபரப்பானது. உண்மை தெரிந்த ஒரு ஜெனரல் அங்கே இருந்தார், பேசாமல். குடும்பத்துக்கும் பிறகு நாட்டுக்கும் சொல்லப்பட்டது மே மாதக் கடைசியில், நீண்ட விடுமுறை வாரத்தின் சனிக்கிழமையை ஒட்டி. ஐந்து வாரங்கள்.

2007-இல் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை, 4 ஜெனரல்கள் உட்பட 9 அதிகாரிகளின் குறைகளைப் பட்டியலிட்டது. நாடாளுமன்றக் குழு முன்னால் தாயும் தம்பியும் சாட்சி சொன்னார்கள். சுட்ட வீரர்களைவிட, கதை எழுதிய அதிகாரிகள் மேல்தான் அவர்களுடைய கோபம் அதிகம் பாய்ந்தது.

இரண்டு கடிகாரங்கள்

தாமதமானாலே மறைப்பு என்று சொல்லிவிட முடியாது. தாமதத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. முதல் தகவல் அறிக்கை பெரும்பாலும் அரைகுறை. அவசரப்பட்டுச் சொன்னால் தவறான ஆளின் மேல் பழி விழும். சண்டை நடந்துகொண்டிருக்கும்போது நம் ஐ.எஃப்.எஃப். ஏற்பாட்டின் ஓட்டையை எதிரிக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. சுட்டவருக்கும் சட்டப்படி நியாயம் கிடைக்க வேண்டும்.

அப்படியானால் தாமதத்தையும் மறைப்பையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இரண்டு கடிகாரங்களைப் பக்கத்தில் வையுங்கள். படைக்கு எப்போது தெரிந்தது என்று ஒன்று சொல்லும். குடும்பத்துக்கு எப்போது தெரிந்தது என்று மற்றது. இடைவெளியில் படை பேசாமல் இருந்ததா, வேறு கதை சொன்னதா என்று பாருங்கள். ‘விசாரிக்கிறோம், இன்னும் உறுதியில்லை’ என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்வது தாமதம். பதக்கக் காகிதத்தில் இல்லாத சண்டையை எழுதுவது மறைப்பு, அது மூன்றே நாளில் நடந்தாலும்.

இரண்டும் கலந்த பழைய உதாரணம் ஒன்று. 1944 ஜூலை 25 அன்று பிரான்சில் செயிண்ட் லோ அருகே அமெரிக்க விமானங்கள் தம் படை மேலேயே குண்டு வீசியதில் 111 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் லெப்டினன்ட் ஜெனரல் லெஸ்லி மெக்நேர். அவரை ரகசியமாகப் புதைத்து, எதிரி தாக்குதலில் இறந்ததாக முதலில் அறிவித்தார்கள். காரணம் ஒன்று இருந்தது: ஜெர்மானியரை ஏமாற்ற உருவாக்கிய பொய்ப் படைக்கு அவரைத் தலைவர் என்று காட்டியிருந்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில், சிசிலித் தீவில், பாராசூட் வீரர்களை ஏற்றி வந்த 144 விமானங்களில் 23-ஐச் சொந்தக் கப்பல்களும் தரைப் பீரங்கிகளும் சுட்டு வீழ்த்தியதைப் பல மாதம் தணிக்கையில் வைத்ததற்கு அவ்வளவு நல்ல காரணம் சொல்ல முடியாது.

பட்காமுக்கு இந்தச் சோதனையை வைத்தால் என்ன கிடைக்கிறது? விசாரணை மன்றம் உடனே அமைந்தது. ஏவுகணை பற்றிய செய்திகள் சில வாரங்களிலேயே பத்திரிகைகளில் கசிந்தன. அதிகாரபூர்வமான வாக்கியம் ஏழு மாதம் கழித்து வந்தது. ஒப்புக்கொண்டார்கள், அதிகாரிகள் மேல் நடவடிக்கையும் எடுத்தார்கள். 2023-இல் ராணுவ நீதிமன்றம் ஒரு குரூப் கேப்டனைப் பணிநீக்கம் செய்யச் சொன்னது. டில்மன் விஷயத்தைப் போலப் பொய்ச் சண்டை எதையும் எழுதவில்லை. ஆனால் ‘விபத்து’ என்ற சொல்லை வேண்டிய அளவு நாள் உலவவிட்டார்கள். இந்தியாவில் ராணுவ விசாரணை அறிக்கை முழுதாகப் பொதுவெளிக்கு வருவது வழக்கமில்லை. ஆகவே முதல் கடிகாரத்தின் முள் எங்கே நின்றது என்று நம்மால் சரியாகப் படிக்க முடிவதில்லை.

மக்கள் எதற்குக் கோபப்படுகிறார்கள்

‘உண்மையைச் சொன்னால் மக்கள் மனம் உடைந்துவிடும்’ என்பதுதான் மறைப்பவர்கள் எப்போதும் சொல்லும் சமாதானம். நடந்தவற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

2003 மார்ச் 28, ஈராக்கின் பாஸ்ரா அருகே அமெரிக்க ஏ-10 விமானங்கள் இரண்டு, பிரிட்டிஷ் வாகனங்களைத் தாக்கின. மேட்டி ஹல் என்ற வீரர் இறந்தார். வாகனங்களின் மேல் ‘நாங்கள் நண்பர்கள்’ என்று காட்டும் ஆரஞ்சு நிறப் பட்டைகள் விரித்திருந்தன. அவற்றை விமானிகள் பார்த்தார்கள். ஆரஞ்சு நிற ராக்கெட்டுகள் என்று நினைத்தார்கள். அந்தப் பகுதியில் நம் ஆட்கள் யாரும் இல்லை என்று தரையிலிருந்து தகவலும் வந்திருந்தது. விமானி அறையின் வீடியோப் பதிவு இருந்தது. குடும்பத்திடம் அப்படி ஒன்றே இல்லை என்றார்கள். 2007 பிப்ரவரியில் அது ஒரு நாளிதழுக்குக் கசிந்தது. அடுத்த மாதம், பொதுவில் நடந்த மரண விசாரணையில், அது சட்டவிரோதக் கொலை என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

இதில் விசித்திரம் என்னவென்றால், ஒளித்துவைத்த அந்தப் பதிவுதான் விமானிகளை மனிதர்களாகக் காட்டியது. செய்தி தெரிந்ததும் அவர்கள் உடைந்துபோவது அதில் கேட்கிறது. ‘குமட்டுகிறது’ என்கிறார் ஒருவர். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அதைக் குடும்பத்துக்குப் போட்டுக் காட்டியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அனுதாபத்தை, ‘வீடியோவே இல்லை’ என்ற ஒரு வரி தின்றுவிட்டது.

ஈரானில் இதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தை ஈரான் புரட்சிக் காவல்படையின் வான்பாதுகாப்புப் பிரிவு சுட்டது. 176 பேர் இறந்தார்கள். பலியானது பயணிகள் என்பதால் ஃப்ரெண்ட்லி ஃபயர் என்ற வரையறைக்குள் இது வராது, ஆனால் தவறின் வகை அதேதான். மூன்று நாள் ‘இயந்திரக் கோளாறு’ என்றார்கள். 11-ஆம் தேதி ஒப்புக்கொண்டார்கள். அன்றே தெருவில் இறங்கிய கூட்டம் ‘பொய்யர்கள்’ என்று கத்தியது.

இஸ்ரேலில், 2023 டிசம்பர் 15 அன்று காசாவின் ஷெஜாயாவில், ஹமாஸ் பிடியிலிருந்து தப்பி வந்த பிணைக்கைதிகள் மூன்று பேரை இஸ்ரேல் வீரர்களே சுட்டுக் கொன்றார்கள். மேலாடை இல்லாமல், குச்சியில் வெள்ளைத் துணி கட்டி வந்தவர்கள். ராணுவம் அன்றே ஒப்புக்கொண்டது. இரண்டு வாரத்தில் விசாரணை முடிவையும் வெளியிட்டது. கோபம் வராமல் இல்லை. அன்றிரவே டெல் அவிவில் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆனால் அந்தக் கோபம், மற்ற பிணைக்கைதிகளை எப்படி மீட்கப்போகிறீர்கள் என்ற கேள்வியின் மேல் போய் நின்றது. யார் சுட்டது என்பதில் வாக்குவாதம் இல்லை.

ஆக, ஒப்புக்கொண்டாலும் கோபம் வரும். அது தவறின் மேல் வரும், அதைச் சரிசெய்யவும் வழி உண்டு. பொய்யின் மேல் வரும் கோபத்துக்கு அப்படி வடிகால் இல்லை. அடுத்த முறை அதே படை உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது.

வினைச்சொல்லைப் பாருங்கள்

மின்வாரியக் கதைக்குத் திரும்புவோம். ‘மின்சாரம் தாக்கி லைன்மேன் பலி’ என்று செய்தி வரும். அதில் பொய் ஒன்றும் இல்லை. சுவிட்சைப் போட்ட கையும் இல்லை. நம் மொழிக்கு இந்த வசதி அதிகம்: விழுந்தது, வெடித்தது, உயிரிழந்தார், வீரமரணம் அடைந்தார். எல்லாமே தானாக நடந்தவை போல இருக்கும். ‘வீழ்ந்தது’ என்பதை ‘வீழ்த்தினார்கள்’ என்று ஆக்கிப் பார்த்தால் உடனே ஒரு எழுவாய் தேவைப்படும். யார்?

ராணுவ வீரர் ஒருவரின் மரணச் செய்தியைப் படிக்கும்போது இந்த ஒரு பயிற்சி போதும். செய்தியில் எழுவாய் இருக்கிறதா? இல்லையென்றால், தெரியாததால் இல்லையா, தெரிந்தும் எழுதவில்லையா? ‘முதற்கட்டத் தகவல்’ என்ற சொல் இருக்கிறதா, முடிந்த கதையாகவே வந்துவிட்டதா? பதக்கம் முன்னால் வந்து விசாரணை பின்னால் வருகிறதா?

2024 டிசம்பர் 22 அன்று செங்கடலில், அமெரிக்கப் போர்க்கப்பல் கெட்டிஸ்பர்க் தன் கடற்படையின் எஃப்/ஏ-18 விமானத்தையே சுட்டு வீழ்த்தியது. விமானிகள் இருவரும் குதித்து உயிர் தப்பினார்கள். அன்றே வெளியான அமெரிக்க மத்தியக் கட்டளையகத்தின் அறிக்கையில் கப்பலின் பெயர் எழுவாயாக இருந்தது. அது தவறுதலாகச் சுட்டது என்று வினையும் இருந்தது. யாரும் சாகாததால் அந்த வாக்கியத்தை எழுதுவது சுலபமாக இருந்திருக்கலாம்.